ஒரு நல்லது, ஒரு கெட்டது

வியாழக்கிழமைதோறும் நான்கு மணிக்கு டார்லா ஸ்டம்போ எழுந்து நின்று, பெற்ற மகனைப் பற்றி ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் சொல்லியாக வேண்டும். டாபின் மாவட்டத்தில் போதைக் குற்றத்தில் சிக்கிய பிள்ளைகளுக்கென்று நடக்கும் நீதிமன்றத்தில் அதுதான் முறை. பிள்ளை முன்னால் போய் ஜட்ஜம்மாவின் மேசைக்கு நேரே நின்று வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்வான். பெற்றவர் பின்னால் மரபெஞ்சிலிருந்து எழுந்து, அந்த வாரம் வீட்டில் நடந்ததில் நல்லது ஒன்று, கெட்டது ஒன்று, கூடத்திலிருக்கும் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். கெட்டது ஒன்றுமில்லை என்று தப்பிக்க முடியாது. அப்படிச் சொன்ன தகப்பன் ஒருவனை ஜட்ஜம்மா ப்ரேட்டர் உட்காரச் சொல்லவே இல்லை. அடுத்த மூன்று பிள்ளைகளின் முறை முடியும்வரை அவன் நின்றான். கடைசியில் ஏதோ நினைவு வந்து சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள். அங்கே எதற்கும் கைதட்டுவார்கள்.

டார்லா இதில் தேர்ந்துவிட்டாள். ஆரம்பத்தில் ஒருமுறை, கோல்பி சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் பிந்தி வீட்டுக்கு வந்தான் என்று சொல்லப்போக, அவன் சனிக்கிழமை முழுவதும் பளீரென்ற மேலங்கி மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்தில் குப்பை பொறுக்கினான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காரில் போகிறபோது ஹாரன் அடித்தார்கள். அதற்குப் பிறகு அவள் புதன்கிழமையே உட்கார்ந்து யோசித்து வைப்பாள். தண்டனை வராத அளவுக்குச் சின்னதாகவும், நம்புகிற அளவுக்குப் பெரியதாகவும் ஒரு கெட்டது. தட்டைக் கழுவாமல் போட்டான் என்பது போதாது. கதவை அறைந்து சாத்தினான் என்பது சரியாக இருக்கும். மீனில் முள் எடுப்பதுபோல அந்த வாரத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வாள். நல்லதைப் பற்றி அவள் அதிகம் யோசித்ததில்லை. நல்லது எதைச் சொன்னாலும் ஜட்ஜம்மா ஏற்றுக்கொள்வார்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. முகம் அகலமாக இருப்பதால் இரக்கமானவள் என்று ஊர் சொல்லும். பத்தொன்பது வருடமாக ஆற்றங்கரை முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. தனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரின் பின்புறத்தைத் துடைத்திருக்கிறாள். தன்னைத் திருமணத்துக்கு முன்பே கர்ப்பமானவள் என்று தேவாலயத்தில் பெயர் சொல்லாமல் குத்திக்காட்டிய போதகருக்கு நான்கு வருடம் ஊட்டிவிட்டிருக்கிறாள். அவள் கணவன் டெல்பர்ட் சுரங்கத்தில் முதுகு ஒடிந்து, வலி மாத்திரைக்கு அடிமையாகி, கோல்பிக்கு ஒன்பது வயதிருக்கும்போது வாசலில் நிறுத்தியிருந்த வண்டியில், என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, செத்துக்கிடந்தான். பெட்ரோல் தீர்ந்து வண்டி தானாக நிற்கும்வரை யாரும் கவனிக்கவில்லை. அன்றைக்கும் மறுநாளும் மட்டும் அவள் விடுப்பு எடுத்தாள். அவளிடம் இருந்ததெல்லாம் உதவியாளர் சான்றிதழ் ஒன்று. மாநிலத்தின் பட்டியலில் அவள் பெயர் இருக்கும்வரை எந்த ஊரிலும் வேலை உண்டு. நீதிமன்றத்தில் குற்றம் ஒன்று ஏறினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். கூட வேலை பார்த்த இரண்டு பேருக்கு அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறாள். ஒருத்தி இப்போது கோழி ஆலையில் தோல் உரிக்கிறாள்.

கோல்பி பதினாறு வயதில் பக்கத்து வீட்டுக்காரி இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் போய்த் திரும்பிய வாரம், அவள் குளியலறை அலமாரியிலிருந்து நாற்பது வலி மாத்திரைகளை எடுத்தான். இருபத்தாறை விற்றான். மிச்சத்தைத் தானே தின்றான். பிடிபட்டதும் ஜட்ஜம்மா இரண்டு வருடம் மாநிலச் சிறார் சிறை என்று தீர்ப்பெழுதி, அதைத் தலைக்கு மேலே தொங்கவிட்டார். இடைவிடாமல் நூற்று எண்பது நாள் சுத்தமாக இருந்து காட்டினால் தீர்ப்பு ரத்து. வழக்கே நடக்காததுபோல் காகிதம் கிழிக்கப்படும். நடுவில் ஒரு நாள் தவறினாலும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து. பிப்ரவரி ஒன்பதாம் தேதி அவனுக்குப் பதினெட்டு. அதற்குள் முடியாவிட்டால் தொங்குகிற தீர்ப்பு இறங்கும்.

நவம்பர் நடுவில் அவன் நூற்று அறுபத்து மூன்றாம் நாளில் இருந்தான். மின்கம்பம் ஏறிக் கம்பி கட்டும் வேலையைச் சொல்லித்தரும் பள்ளியில் ஜனவரியில் சேர இடம் வாங்கியிருந்தான். வழக்கில்லை என்ற காகிதம் கொண்டுவந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கம்பத்தை நட்டு, டெல்பர்டின் சுரங்கக் காலணிகளைப் போட்டுக்கொண்டு ஏறிப் பழகினான். உச்சியில் போய்ச் சும்மா நிற்பான். அங்கிருந்து என்ன தெரிகிறது என்று டார்லா ஒருநாளும் கேட்டதில்லை.

தினம் காலை ஐந்தரைக்கு ஒரு எண்ணைக் கூப்பிட வேண்டும். பதிவு செய்யப்பட்ட ஒரு பெண் குரல் ஒரு நிறத்தின் பெயரைச் சொல்லும். கோல்பிக்குக் கொடுத்திருந்தது ஆரஞ்சு. ஆரஞ்சு என்று வந்தால் அன்று மாலை ஐந்துக்குள் நீதிமன்றத்தின் அடித்தளத்துக்குப் போய் சிறுநீர் கொடுக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் வரும், சில வாரம் நான்கு நாள் வரும். தொடர்ந்து இரண்டு நாளும் வரலாம். அந்தக் குரலில் கோபமும் இல்லை, அன்பும் இல்லை. கோல்பி அதைக் கேட்கும்போது பல் துலக்கிக்கொண்டிருப்பான். நீலம் என்றோ ஊதா என்றோ வந்தால் வாயைக் கொப்பளிப்பான். ஆரஞ்சு என்றால் கொஞ்ச நேரம் நுரையோடு அப்படியே நிற்பான்.

காரணம் போதை இல்லை. அவன் உடம்பில் எதுவும் இல்லை என்பது டார்லாவுக்குத் தெரியும். உடம்புகளைப் பார்த்தே பிழைத்தவள் அவள். காரணம், ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவனுக்கு வராது.

பார்ப்பவர் பெயர் ஸ்லோன். ஓய்வுபெற்ற காவலர். சட்டையை மார்புவரை தூக்கி, கால்சட்டையை முழங்காலுக்கு இறக்கி, ஒரு சுற்று சுற்றிக் காட்ட வேண்டும். வேறொருவர் சிறுநீரைப் பையில் கட்டி ஒளித்து எடுத்து வருகிறார்களாம், அதற்காக. பிறகு கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எதிரே சுவரில் சாய்த்து மாட்டிய கண்ணாடி. கண்ணாடியில் ஸ்லோனின் முகம். அவர் முகத்தைத் திருப்பக்கூடாது, அது சட்டம். வாயைத் திறக்கக்கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. அதனால் பேசுவார். வீட்டிலிருந்து கொண்டுவர மறந்துவிட்டாயா என்பார். உன் அப்பனுக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை, அவனை நான் ரெண்டு தரம் பிடிச்சு உள்ளே போட்டிருக்கேன், செல்லுக்குள்ள தாராளமா அடிப்பான் என்பார். வெறுப்பில் சொல்வதில்லை. நாள் முழுக்க அடித்தளத்தில் இருக்கிற ஆள், பேச்சுத் துணைக்குப் பேசுவார்.

அக்டோபர் கடைசியில் ஒருநாள் கோல்பி அங்கே ஒரு மணி நேரம் நின்றான். ஒரு சொட்டு வரவில்லை. கொடுக்கவில்லை என்றால் மறுத்ததாக அர்த்தம். சனி ஞாயிறு இரண்டு நாள் சிறார் காப்பகத்தில் வைத்தார்கள். இந்த ஒருமுறை எண்ணிக்கையைத் தொடமாட்டேன், அடுத்த முறை வரவில்லை என்றால் மாத்திரை தின்றதாகவே எடுத்துக்கொள்வேன் என்றார் ஜட்ஜம்மா. எல்லோரும் கைதட்டினார்கள். ஜட்ஜம்மாவின் பெருந்தன்மைக்கு.

பிறகு நூற்று அறுபத்து மூன்றாம் நாள், திங்கட்கிழமை, ஆரஞ்சு வந்தது.

டார்லா செய்தது பத்தொன்பது வருடமாகச் செய்துவந்ததைத்தான். பன்னிரண்டாம் அறைக் கிழவர் காலையிலிருந்து போகவில்லை என்றால் தண்ணீர் கொடு. அரை மணி கழித்து மறுபடி கொடு. உள்ளே போனது வெளியே வந்துதான் ஆக வேண்டும். முதியோர் இல்லத்துச் சமையலறையிலிருந்து ஒரு பெரிய கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போய் அவனை ஏற்றிக்கொண்டாள். நீதிமன்றத்துக்குப் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டுக் கேனைக் கொடுத்தாள்.

அவன் குடித்தான். பாதிக் கேன் ஆனதும் போதும் என்றான். அவள் விடவில்லை. முக்கால் ஆனதும் கதவைத் திறந்து தார்மேல் வாந்தியெடுத்தான். வெறும் தண்ணீராக வந்தது. அவள் பேப்பர் துண்டால் வாயைத் துடைத்துவிட்டாள், கிழவர்களுக்குத் துடைப்பதுபோல மூலையிலிருந்து மூலைக்கு. பிறகு கேனை மறுபடி அவன் மடியில் வைத்தாள்.

“முடியலம்மா. வயிறு வெடிக்குது.”

“குடி. பதினேழு நாள்டா. இன்னைக்கு வரலைன்னா எல்லாம் போச்சு. குடி.”

அவன் குடித்து முடித்தான். பத்தே நிமிடத்தில் அடித்தளத்திலிருந்து மேலே வந்தான், முகமெல்லாம் சிரிப்பு. இன்னைக்குக் குழாயத் தொறந்துட்டு வந்துட்டியே ராசா என்று ஸ்லோன் சொன்னாராம். அந்த வருடத்தில் ஸ்லோன் சொன்ன ஒன்றை அவன் வீட்டில் திருப்பிச் சொன்னது அதுதான் முதல் தடவை. டார்லா அவனுக்கு இரண்டு ஹாம்பர்கர் வாங்கிக்கொடுத்தாள். அவனால் ஒன்றைத்தான் தின்ன முடிந்தது.

வியாழக்கிழமை மூன்றே முக்காலுக்கு, நீதிமன்ற நடைக்கூடத்தில், ராய்ஸ் மீட் அவர்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ராய்ஸின் மகளும் இதே நீதிமன்றத்தில் இரண்டாவது வருடம் இழுபடுகிறாள். யார் யாருக்கு என்ன முடிவு வந்திருக்கிறது என்பது ஜட்ஜம்மாவுக்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். உள்ளே தட்டச்சு செய்கிறவள் அவன் மைத்துனி. கோல்பிக்கு வெளுப்பு என்று வந்திருக்கிறது என்றான்.

டார்லாவுக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரியவில்லை என்பது ராய்ஸுக்குச் சந்தோஷமாக இருந்தது. நிதானமாக விளக்கினான். வண்டி வண்டியாகத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் வெளுத்துவிடும். வெளுத்துவிட்டால் மாத்திரையின் தடம் அதில் தெரியாது. ஒளிக்க நினைக்கிறவர்கள் செய்கிற வேலை அது. அதனால் வெளுத்துப் போனாலும் மாத்திரை தின்றதாகத்தான் கணக்கு. விதிப் புத்தகத்தில் பத்தொன்பதாம் பக்கம்.

“நீயும் படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டியா?” என்றான் ராய்ஸ். “முப்பத்தொரு பக்கம், முப்பத்தொரு கையெழுத்து. எல்லாரும் அப்படித்தான். எம்பொண்ணுக்கு வெளுத்தப்பத்தான் நான் படிச்சேன்.”

அவன் இன்னும் கொஞ்சம் சொன்னான். பெற்றவரே உடந்தையாக இருந்தால் அது இருபதாம் பக்கம். நீதிமன்ற அவமதிப்பு. மாவட்டச் சிறையில் பத்து நாள், வேலை பார்க்கிற இடத்துக்கு ஒரு கடிதம். போன வருடம் ஒரு தாய் அப்படிப் போனாள், பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவள். சொல்லிவிட்டுக் கோல்பியை எட்டிப் பார்த்து, இவனுக்கு யார் இவ்வளவு தண்ணீர் கொடுத்தது என்று கேட்டான்.

“எனக்கென்ன தெரியும்,” என்றாள் டார்லா.

கோல்பி அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். முழங்கைகளை முழங்காலில் ஊன்றித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தரையில் பச்சையும் வெள்ளையுமாகச் சதுரங்கள். ராய்ஸ் எழுந்து போன பிறகு, தலையைத் தூக்காமலே, உள்ளே போனதும் என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டான். போய்ப் பார்ப்போம் என்றாள் அவள். அந்த ஐந்து நிமிடத்தில் அவள் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அவள் சிறைக்குப் போனால் அவனுக்கு வீட்டில் ஆள் இல்லை. வீட்டில் பெரியவர் இல்லாத பிள்ளையை மாவட்டம் வேறு யார் வீட்டிலாவது வைக்கும். வேலை போனால் வாடகை இல்லை. அப்போது அவனுக்குத்தான் கஷ்டம். எந்தப் பக்கம் போட்டாலும் அவனுக்காகவே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றுதான் விடை வந்தது. அது வந்த வேகம் அவளுக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

ஜட்ஜம்மா ப்ரேட்டர் கெட்டவர் இல்லை. மேசைமேல் மிட்டாய் ஜாடி வைத்திருப்பார். பிள்ளைகளின் பிறந்தநாள் அவருக்கு மனப்பாடம். கோல்பி சத்தியம் செய்து முடித்ததும் காகிதத்தைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் அவனைப் பார்த்தார். இந்த நூற்று அறுபத்து மூன்று நாளை நானும் உன்கூட எண்ணிக்கொண்டு வந்தேன் என்றார்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு கண்ணா. யாராவது உன்னக் குடிக்கச் சொன்னாங்களா? அப்படி இருந்தா அவங்கள நான் கேட்டுக்கறேன். உன்னோட நாள் அப்படியே நிக்கும். நானே நிறுத்தி வைப்பேன்.”

டார்லா அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையில் தோள்பட்டைகள் இரண்டும் துருத்திக்கொண்டு தெரிந்தன. கம்பத்தில் ஏறி ஏறி வந்த தோள். அவன் திரும்பவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் நான் எழுந்து நின்றிருப்பேன் என்று பிற்பாடு அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பல தடவை சொல்லிக்கொண்டாள்.

“யாரும் சொல்லல மேடம்,” என்றான் கோல்பி. “நானாத்தான் குடிச்சேன்.”

“எதுக்கு?”

“வராதுன்னு பயந்துட்டேன்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜம்மா சிரிப்பு வந்த திசையைப் பார்த்து அதை நிறுத்தினார். பிறகு அம்மா எழுந்து நிற்கட்டும் என்றார்.

டார்லா புதன்கிழமை யோசித்து வைத்திருந்த கெட்டது, நாய்க்குச் சோறு வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்துபோட்டான் என்பது. எழுந்து நின்றபோது அது போதாது என்று தெரிந்தது. ஜட்ஜம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ராய்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே சந்தேகம் வரும், வீட்டில் இருக்கிற தாய்க்கு ஒரு கேன் தண்ணீர் போனது எப்படித் தெரியாமல் போகும். நம்புகிற அளவுக்குப் பெரியதாக ஒன்று வேண்டும்.

“கெட்டது வந்து… திங்கக்கிழமை அவன் நிறையத் தண்ணி குடிச்சான். ஒரு கேன். நான் பாத்தேன். அப்பவே எதுக்குடான்னு கேட்டிருக்கணும். கேக்கல.”

ஒவ்வொரு வார்த்தையும் நிஜம்தான். கோல்பியின் தலை ஒரு விரல்கடை தாழ்ந்தது. அவ்வளவுதான். ஜட்ஜம்மா எழுதிக்கொண்டார். சொல்வதற்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றார். பெற்ற பிள்ளைக்கு எதிராக உண்மை பேசுவதுதான் இந்த நீதிமன்றம் தாய்மாரிடம் கேட்கிற பெரிய உதவி என்றார். டார்லா உட்காரப் போனாள்.

“நல்லது ஒண்ணு சொல்லலியே,” என்றார் ஜட்ஜம்மா.

அந்த வாரம் முழுவதும் அவன் நன்றாகத்தான் இருந்தான், ஆனால் எதை எடுத்தாலும் அந்தத் திங்கட்கிழமையில் போய் முட்டியது. வாயில் வந்ததைச் சொன்னாள்.

“அவன் பொய் சொல்லமாட்டான்.”

ஜட்ஜம்மா பேனாவை வைத்துவிட்டு அந்த வார்த்தையைத் தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அப்படியானால் இனி கேட்க ஏதுமில்லை என்றார். யாரும் குடிக்கச் சொல்லவில்லை என்று இவனே சொல்கிறான். இவன் பொய் சொல்லமாட்டான் என்று தாயே சொல்கிறாள். எண்ணிக்கை பூஜ்யம். பதினான்கு நாள் சிறார் காப்பகம். பிப்ரவரி ஒன்பதாம் தேதிக்கு எண்பத்து நான்கு நாள்தான் இருக்கிறது. அதற்குள் நூற்று எண்பதை யாராலும் நுழைக்க முடியாது. ஆகவே பழைய தீர்ப்பை இறக்குவதற்கு டிசம்பர் முதல் தேதி.

காவலர் வந்து கோல்பியின் கைகளை முன்னால் வைத்துப் பூட்டினார். அது முடிவதற்குள், உண்மை பேசிய பெற்றவருக்கு வழக்கமாகச் செய்வதை எழுத்தர் செய்தார். மீன்தொட்டிபோல ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை டார்லாவிடம் நீட்டினார். உள்ளே மடித்துப்போட்ட பரிசுச் சீட்டுகள். எல்லோரும் கைதட்டினார்கள். எடுக்காமல் இருக்க முடியாது, கிண்ணம் நீட்டினபடியே இருந்தது. அவள் கையை விட்டு ஒன்றை எடுத்தாள். பக்கவாட்டுக் கதவு வழியாக மகனைக் கூட்டிப்போகும்போது அவள் கையில் அந்தச் சீட்டு இருந்தது. வண்டி கழுவும் நிலையத்தில் ஒருமுறை இலவசம்.

சீட்டு சனிக்கிழமையோடு காலாவதி. சனிக்கிழமை மத்தியானம் அவள் போய் வண்டியைக் கழுவினாள். வேண்டாம் என்று விட அவளுக்கு மனம் வரவில்லை, பனி உருக உப்புத் தூவிய சாலையில் வண்டி அடிப்பக்கம் துருப்பிடிக்கும் காலம். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் நான்கு பக்கமும் அடித்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. மூன்று நிமிடம் உலகம் இல்லாமல் இருந்தது, அது நன்றாக இருந்தது.

இல்லத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. நீ செய்ததுதான் சரி, நாங்களாக இருந்தால் பிள்ளைக்காகப் பொய் சொல்லியிருப்போம் என்றார்கள். மேற்பார்வையாளர் தோளில் தட்டி, உன் மாதிரி நாலு தாய் இருந்தால் இந்த ஊர் இப்படிப் போயிருக்காது என்றாள். டார்லா நன்றி சொன்னாள். பன்னிரண்டாம் அறைக் கிழவருக்குத் தண்ணீர் கொடுக்கிற வேலையை மட்டும் இன்னொருத்தியிடம் மாற்றிக்கொண்டாள்.

பத்து நாள் அவளுக்குத் தூக்கம் சரியாக இல்லை. பிறகு, தீர்ப்பு இறங்குவதற்கு நான்கு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, காப்பகத்துக்குப் பார்க்கப் போனாள். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினாள். மலை இறங்கும்போது அது மனப்பாடமாகியிருந்தது. நாற்பது நிமிடம் பார்க்கலாம். நீளமான அறை, திருகாணி அடித்து இறுக்கிய மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் ஒரு தாய். கோல்பியை அழைத்துவந்து உட்கார வைத்தார்கள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். காதுகள் பெரிதாகத் தெரிந்தன. டெல்பர்டின் காதுகள்.

சாப்பாடு எப்படி என்று கேட்டாள். தினம் மத்தியானம் போலோனி இறைச்சி வைத்த ரொட்டி என்றான். குளிர்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றான். இங்கேயும் சிறுநீர் கேட்கிறார்களா என்று அவள் கேட்கவில்லை. நாய் எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டான், சொன்னாள். பதினெட்டு நிமிடம் போயிருந்தது. அவள் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள்.

“நாளைக்குக் காலைல ஜட்ஜம்மாவப் போய்ப் பாக்கறேன். தண்ணி நாந்தான் குடுத்தேன்னு சொல்லிடறேன். என்ன ஆனாலும் ஆகட்டும்.”

கோல்பி அவள் முகத்தை முழுசாகப் பார்த்தான். நீதிமன்றத்தில் திரும்பிப் பார்க்காதவன் இப்போதுதான் பார்த்தான்.

“சொல்லாதம்மா,” என்றான். “இங்க ஒரு வக்கீல் வந்தாரு. கேட்டேன். கையத் தூக்கிச் சத்தியம் பண்ணிட்டு யாரும் சொல்லலன்னு சொன்னது நான். இப்ப நீ மாத்திச் சொன்னா, நான் பொய் சொன்னதா ஆயிடும். அதுக்குத் தனியா கேஸு. இன்னும் ஆறு மாசம் சேத்துப் போடுவாங்களாம்.”

எந்த வக்கீல் என்று அவள் கேட்கவில்லை. எப்போது வந்தார், அவர் பேர் என்ன, நானே போய் அவரைப் பார்த்துக் கேட்கட்டுமா, ஒன்றும் கேட்கவில்லை. அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. தோள்கள் தாமாகவே தளர்ந்தன. பத்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கியது, மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது. அகலமான அந்த முகத்தில் அது அப்படியே தெரிந்திருக்கும். சமாளித்து உதட்டைச் சுருக்கி, தலையை அசைத்து, “அப்படியா. அப்ப வேணாம்,” என்றாள். சொல்லி முடிப்பதற்கு முன்பே அவன் பார்த்துவிட்டான்.

வக்கீல் யாரும் வந்திருக்கவில்லை, அது அவனே கட்டிச் சொன்னது.

கோல்பி எழுந்து நின்றான். சுவரோரம் இருந்த காவலரைப் பார்த்து, முடிந்தது, உள்ளே கூட்டிப் போங்கள் என்றான். இன்னும் இருபது நிமிஷம் இருக்கேப்பா என்றார் காவலர். இருக்கட்டும் என்றான். உட்காருடா, இன்னும் கொஞ்ச நேரம் இரு என்று டார்லா சொன்னாள். மற்ற மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கதவைப் பார்த்து நடந்தான்.

வந்தவர்களை நடுவில் வெளியே விடுவதில்லை. மணி அடித்ததும் எல்லோரையும் சேர்த்துத்தான் கதவைத் திறந்து அனுப்புவார்கள். டார்லா எழுந்ததும் காவலர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்தாள். எதிரே காலி நாற்காலி. பக்கத்து மேசையில் ஒருத்தி மகனுக்கு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். டார்லா கைகளை மேசைமேலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மீதி இருபது நிமிடமும் இருந்தாள்.